சிங்கப்பூருக்கு முதல் தடவை ஜோடியாகப் போகிறீர்களா? ரூம் போடும் முறை

விசா, விமான டிக்கெட், அரைவல் கார்டு பற்றியெல்லாம் இங்கே எதுவும் இல்லை. அதெல்லாம் முடிந்து, தேதி கையில் இருக்கிறது, இரண்டே பேர், நான்கைந்து ராத்திரி, ஊர் புதிது, எங்கே ரூம் போடுவது என்று தெரியாமல் ஆப்பில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கான பதிவு இது.

நம்மில் பலரும் முதலில் விலையை வைத்து வரிசைப்படுத்துவோம், பிறகு படம் பார்ப்போம், கடைசியில்தான் இடம் எங்கே என்று பார்ப்போம். சிங்கப்பூருக்கு இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் எம்ஆர்டி (அந்த ஊர் மெட்ரோ ரயில்) ஸ்டேஷன், அப்புறம் அறை, விலை கடைசி.

படி 1: ராத்திரி எங்கிருந்து திரும்புவீர்கள்?

காலையில் தெம்பாகக் கிளம்புவோம்; இரண்டு ரயில் மாறினாலும் உறைக்காது. நாள் முழுக்க நடந்த காலோடு ராத்திரி ஒன்பதரைக்குத் திரும்பும்போதுதான் ஹோட்டல் இருக்கும் இடத்தின் அருமை தெரியும். ஜோடியாகப் பார்க்க வேண்டியவையும் அங்கே இருட்டிய பிறகுதான் ஆரம்பிக்கின்றன. கார்டன்ஸ் பை தி பே பூங்காவில், சூப்பர்ட்ரீ என்ற மர வடிவ ராட்சதக் கோபுரங்களின் விளக்குக் காட்சி 7.45க்கும் 8.45க்கும். மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் முன்னால் தண்ணீர்க் காட்சி எட்டுக்கும் ஒன்பதுக்கும். இரண்டுக்கும் ஸ்டேஷன் பேஃப்ரன்ட். சென்டோசா, யுனிவர்சல் ஸ்டுடியோஸ் என்றால் ஹார்பர்ஃப்ரன்டில் இறங்கி, விவோசிட்டி மாலிலிருந்து மோனோரயில்.

இந்த இரண்டு ஸ்டேஷன் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நைட் சஃபாரி ஊருக்கு வெளியே வடக்கே இருக்கிறது. நீங்கள் எங்கே தங்கினாலும் அது தூரம்தான். அதை வைத்து ஹோட்டல் தேட வேண்டாம்.

படி 2: ஸ்டேஷனை முடிவு செய்யுங்கள்

என் ஓட்டு பூகிஸுக்கு. விமான நிலையத்திலிருந்து வரும்போது தானா மேராவில் ஒரே ஒரு தடவை மாறினால் போதும், பெட்டியோடு நேராக வந்து இறங்கலாம். பேஃப்ரன்ட் அங்கிருந்து இரண்டாவது ஸ்டேஷன். எதிர்ப்பக்கம் போனால் லிட்டில் இந்தியாவும் இரண்டாவது ஸ்டேஷன், ஆக இட்லி தோசைக்கும் பஞ்சமில்லை. ஹோட்டலை விட்டு இறங்கினால் பூகிஸ் தெருக் கடைகள், கொஞ்சம் நடந்தால் சுல்தான் மசூதியும் கம்போங் கிளாமும். ஹார்பர்ஃப்ரன்ட் போக மட்டும் ஒரு தடவை மாற வேண்டும்.

சைவம் மட்டும்தான், மூன்று வேளையும் நம் சாப்பாடு வேண்டும் என்பவர்கள் லிட்டில் இந்தியாவிலேயே தங்கலாம். 1947லிருந்து இருக்கும் கோமள விலாஸ், தேக்கா சென்டர், கோயில்கள் எல்லாம் சிராங்கூன் ரோட்டை ஒட்டியே. அந்த ஸ்டேஷனில் இரண்டு லைன் சந்திக்கின்றன: ஒன்றில் ஏறினால் நான்காவது நிறுத்தம் பேஃப்ரன்ட், இன்னொன்றில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃப்ரன்ட். எதற்கும் மாற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் கூட்டம் நெரியும். ஊரெங்கும் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கும் வங்காளதேசத்துக்காரர்களுக்கும் அன்றுதான் லீவு. எனக்கு அந்தக் கூட்டம் பிடிக்கும். அமைதி வேண்டும் என்பவர்கள் ஞாயிறை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

இங்கே ஒரு சூட்சுமம். ஹோட்டல் தளங்களில் ‘லிட்டில் இந்தியா’ என்று போட்டிருப்பதெல்லாம் லிட்டில் இந்தியா ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பதில்லை. ஜாலான் புசாரையும் அதில்தான் சேர்ப்பார்கள், பலஸ்டியர் ரோட்டையும் சில சமயம் சேர்ப்பார்கள். பலஸ்டியர் ரோட்டில் வாசலிலேயே இறங்கும்படி ரயில் கிடையாது. பஸ்தான், இல்லையென்றால் நல்ல நடை. ஜாலான் புசாரில் ஸ்டேஷன் இருக்கிறது, அதுவும் லிட்டில் இந்தியாவிலிருந்து பேஃப்ரன்ட் போகும் அதே டவுன்டவுன் லைன், ஆனால் அந்த லைன் ஊருக்குள் ஒரு வளையம் போட்டுத் தன்னைத் தானே குறுக்கே கடந்து போகிறது. விளைவு என்னவென்றால், ரோச்சோர் ஸ்டேஷனில் ஏறினால் பேஃப்ரன்ட் மூன்றாவது நிறுத்தம். அங்கிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் ஜாலான் புசாரில் ஏறினால் சைனாடவுன் வழியாகச் சுற்றிக்கொண்டு ஆறாவது நிறுத்தம். ஜாலான் புசார் ஹோட்டல் விலை கட்டுப்படியாகிறதா, தாராளமாகப் போடுங்கள். ரயிலுக்கு மட்டும் ரோச்சோருக்கு நடந்துவிடுங்கள்.

மற்ற பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைனாடவுன் நல்ல தேர்வு, ரயில் வசதி லிட்டில் இந்தியா மாதிரியேதான். கிளார்க் கீ ஆற்றங்கரை அழகு, ஆனால் ராத்திரி பார் சத்தம் இருக்கும். ஆர்ச்சர்ட் ஷாப்பிங்காரர்களுக்கு. ராஃபிள்ஸ் பிளேஸ், தஞ்சோங் பகார் ஆபீஸ் பகுதி. சனி ஞாயிறில் விலை இறங்குவது உண்டு, அதே சனி ஞாயிறில் பல சாப்பாட்டுக் கடைகள் மூடியிருப்பதும் உண்டு. சென்டோசாவில் தங்குவது முதல் தடவைக்கு வேண்டாம். ஒவ்வொரு தடவையும் தீவை விட்டு வெளியே வர வேண்டும். மரினா பே சாண்ட்ஸின் 57வது மாடி நீச்சல் குளம் அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும்தான். அது உங்கள் கனவு என்றால் ஒரே ஒரு ராத்திரி, அதுவும் கடைசி ராத்திரி, அங்கே போடுங்கள்.

கேலாங்கில் விலை குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள். அது சட்டபூர்வமான சிவப்பு விளக்குப் பகுதி, குறிப்பாக இரட்டைப்படை எண் கொண்ட சந்துகள். மணிக்கணக்கில் அறை விடும் ஹோட்டல்களும் அங்கே உண்டு. ஆபத்தான இடம் என்று சொல்லமாட்டேன், சாப்பாடும் பிரமாதம். முதல் பயணத்துக்கு நான் சொல்லும் இடம் அது இல்லை, அவ்வளவுதான்.

படி 3: மேப்பில் நடந்து பாருங்கள்

‘எம்ஆர்டியிலிருந்து 5 நிமிடம்’ என்று ஹோட்டல் சொல்வதை நம்பாமல் கூகுள் மேப்பில் நடைவழி போட்டுப் பாருங்கள். ஸ்டேஷன் பெயரை மட்டும் போடாதீர்கள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஏ, பி, சி என்று பல வாசல்கள் உண்டு, தப்பான வாசலில் ஏறினால் பெரிய ரோட்டின் மறுபக்கம் நிற்பீர்கள். ஹோட்டலுக்கு அருகில் உள்ள வாசல் எது, அதில் லிஃப்ட் இருக்கிறதா என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியோடு வரும் அன்று தேவைப்படும். ஸ்ட்ரீட் வியூவில் ஹோட்டல் வாசலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பழைய கடைவீடுகளை ஹோட்டலாக்கிய கட்டடங்கள் பார்க்க லட்சணமாக இருக்கும். சிலவற்றில் லிஃப்ட் இருக்காது, படி செங்குத்தாக இருக்கும்.

படி 4: அறையைப் படியுங்கள், படத்தைப் பார்க்காதீர்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். சிங்கப்பூரில் ஜன்னலே இல்லாத அறைகள் சர்வசாதாரணம். நம் ஊரில் ஜன்னல் என்பது கேட்டு வாங்க வேண்டிய பொருள் இல்லை என்பதால் நமக்கு அந்தச் சந்தேகமே வராது. நாங்கள் போட்ட ஓர் அறையில் கட்டிலுக்குப் பின்னால் தரை வரை தொங்கும் திரை, மேலே மஞ்சள் விளக்கு. விலக்கினால் வெள்ளைச் சுவர். காலை ஏழு மணியும் நள்ளிரவும் ஒன்றாகவே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி: ஹோட்டலின் முதல் பக்கத்தில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் விலை கூடிய அறையினுடையவை. அவற்றை விட்டுவிடுங்கள். கீழே அறை வகைகள் பட்டியலில் ‘ஸ்டாண்டர்ட்’, ‘சுப்பீரியர்’ என்ற பெயருக்குப் பக்கத்தில் ‘நோ விண்டோ’ என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். ஒரு வகைக்கு மட்டும் ‘வித் விண்டோ’ என்று போட்டிருந்தால் மற்றவற்றுக்கு ஜன்னல் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் இருந்தும் அது வராந்தாவையோ பக்கத்துச் சுவரையோ பார்க்கும் வகையும் உண்டு. விமர்சனங்களைப் புதியது முதலில் வரும்படி வைத்து ‘விண்டோ’ என்ற வார்த்தையைத் தேடுங்கள், இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ராத்திரி தூங்க மட்டும் வருவோம் என்பவர்களுக்கு ஜன்னலில்லா அறை நல்ல பேரம்தான். தெரிந்து எடுத்தால் சரி.

அடுத்தது அளவு. பட்டியலில் 10 சதுர மீட்டர் என்று இருந்தால் சுமார் 108 சதுர அடி, பல இடங்களில் பாத்ரூமையும் சேர்த்து. வீட்டு ஹாலில் பத்தடிக்குப் பத்தடி குறித்து, அதில் ஒரு கட்டிலையும் இரண்டு பெரிய பெட்டிகளையும் நினைத்துப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்க முடியாது. என் குறைந்தபட்சம் இரண்டு பேருக்கு 14 சதுர மீட்டர்.

ஜோடியாகப் போகிறவர்கள் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, கட்டிலின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கிறதா? அப்படியென்றால் உள்ளே படுப்பவர் பாத்ரூம் போக மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். இரண்டு, பாத்ரூமுக்கும் அறைக்கும் நடுவே வெறும் கண்ணாடித் தடுப்பா? ஸ்டைல் என்று வைத்திருக்கிறார்கள். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்லத் தேவையில்லை. விருந்தினர்கள் எடுத்துப் போட்ட படங்களில் இரண்டும் தெரியும்.

படி 5: இப்போது விலை

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் நின்று கவனியுங்கள். ஒரு கூட்டல் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ்; இன்னொன்று ஜிஎஸ்டி, 2024லிருந்து 9 சதவீதம். ஜிஎஸ்டி சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகைக்குப் போடப்படும். 200 டாலர் அறை கடைசியில் 239 டாலர் 80 காசு. ஆகவே ஆப்பில் வரி சேர்த்த விலையைக் காட்டும்படி முதலில் மாற்றிவிட்டு, அப்புறம் ஒப்பிடுங்கள்.

நான் தேடுவது அகோடாவிலும் புக்கிங் டாட் காமிலும். கடைசியில் ஹோட்டலின் சொந்தத் தளத்தையும் பார்ப்பேன். விலை ஒன்றாகவோ ஐந்து பத்து டாலர் கூடுதலாகவோ இருந்தால் ஹோட்டலிலேயே நேரடியாகப் போடுவேன். ஏதாவது பிரச்சினை என்றால் நடுவில் ஆள் இல்லாமல் பேசலாம். பணம் கட்டும்போது ரூபாயா டாலரா என்று கேட்டால் சிங்கப்பூர் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் கட்டினால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான்.

கேன்சல் செய்யும் கெடு சிங்கப்பூர் நேரப்படி. அவர்களுடைய இரவு 11.59 நமக்கு 9.29. சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குச் செய்யலாம் என்று வைத்தால் பணம் போயிற்று.

படி 6: பதிவும் ஒரு மெயிலும்

பதிவு செய்யும்போது இரண்டு பேர் என்றே போடுங்கள், இரண்டு பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். அப்புறம் ஹோட்டலுக்கு ஒரு மெயில்: விமானம் எத்தனை மணிக்கு, இரட்டைக் கட்டிலா ஒற்றைக் கட்டில்கள் இரண்டா, மேல் மாடி கிடைக்குமா. சென்னை, திருச்சியிலிருந்து ராத்திரி கிளம்பும் விமானங்கள் விடிகாலையில் இறக்கிவிடும். அறை கிடைப்பதோ மதியம் இரண்டு, மூன்று மணிக்கு. அதற்காக முந்தைய ராத்திரிக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டாம். பெட்டியை ரிசப்ஷனில் வைத்துவிட்டுச் சுற்றக் கிளம்புங்கள். விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் மாலில், நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கட்டடத்துக்குள்ளேயே விழும் அருவியையும் பார்க்கலாம், ஆனால் அது விடிகாலையில் ஓடாது, காலை பத்து, பதினொரு மணிக்கு மேல்தான். ராத்திரி தாமதமாக இறங்குபவர்கள் டாக்ஸிக்குக் காசு ஒதுக்குங்கள். நள்ளிரவு முதல் காலை ஆறு வரை மீட்டருக்கு மேல் பாதி கூடுதல்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்தவர்கள் கேட்டதில் திரும்பத் திரும்ப வந்தவை. கல்யாணச் சான்றிதழ் கேட்பார்களா? இல்லை, பாஸ்போர்ட் போதும். மனைவி பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தாலும் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

ஏர்பிஎன்பி மலிவாக இருக்குமே? சிங்கப்பூரில் தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். எச்டிபி எனும் அரசு அடுக்குமாடி வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடவே கூடாது. நான்கு ராத்திரிக்கு யாராவது வீடு தருகிறேன் என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் போகிறவர் ஒருவர் விலை ஏன் இப்படி எகிறுகிறது என்று கேட்டிருந்தார். எஃப்1 கார் பந்தயம். 2008லிருந்து மரினா பே தெருக்களிலேயே ராத்திரியில் நடத்துகிறார்கள், அந்த நாட்களில் ரோடுகளையும் மூடுவார்கள். தேதியைப் பார்த்து ஒரு வாரம் தள்ளிப் போங்கள்.

டெபாசிட் பற்றி எழுதாமல் விட்டிருந்தேன். செக்-இன் செய்யும்போது பல ஹோட்டல்கள் கார்டில் ஒரு தொகையைப் பிடித்துவைக்கும். காலி செய்ததும் விடுவித்தாலும் நம் கணக்குக்கு வர நாளாகும்; ஃபாரெக்ஸ் கார்டு (முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிய கார்டு) என்றால் அதுவரை அந்தப் பணம் செலவுக்கு உதவாது. அதனால் டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டு, சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும் ஃபாரெக்ஸ் கார்டு.