50 ரூபாயில் 100 கார்டு: போஸ்ட் கார்டு போட்டு ஆர்டர் பிடிப்பது எப்படி

மும்பை செம்பூரில் வீட்டிலேயே பொடி வகைகளும் முறுக்கு, தட்டையும் செய்து விற்கிறேன். வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் போட்டால் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடுகிறது. அதனால்தான் போஸ்ட் கார்டு. என்னிடம் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மட்டும் போடுகிறேன்.

முதலில் கார்டு வாங்க வேண்டும். ஒன்று 50 காசு, தபால்தலை அதிலேயே அச்சாகியிருக்கும். சின்ன தபால் நிலையங்களில் பல நாள் ஸ்டாக் இருக்காது. நான் சிஎஸ்எம்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஜிபிஓவுக்கு, அதாவது தலைமைத் தபால் நிலையத்துக்குப் போய் மொத்தமாக 100 வாங்கிவந்தேன். சில்லறைத் தகராறும் இல்லை.

அடுத்தது நான் சறுக்கி விழுந்த இடம். கையால் எழுதச் சோம்பல்பட்டு, 40 கார்டில் பிரஸ்ஸில் கொடுத்து விலைப்பட்டியலை அச்சடித்து அப்படியே பெட்டியில் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மாட்டுங்கா மாமி போனில் பிடித்துக்கொண்டார். "ஏண்டி, நீ விளம்பரம் அனுப்புவே, அதுக்கு நான் போஸ்ட்மேனுக்கு 11 ரூபாய் அழணுமா?"

விஷயம் இதுதான். செய்தியை அச்சடித்துவிட்டால் தபால் கணக்கில் அது 'அச்சிட்ட அஞ்சலட்டை'. கட்டணம் 50 காசு இல்லை, 6 ரூபாய். ஐந்தரை ரூபாய் குறைகிறதா? அதைப்போல இரண்டு மடங்கைப் பெறுபவரிடம் வசூலிப்பார்கள். ஜெராக்ஸ் எடுத்தாலும் இதே கதைதான். அச்சடித்தே தீர வேண்டும் என்றால் மீதி ஐந்தரை ரூபாய்க்குத் தபால்தலை ஒட்டுங்கள். போடும் முன் கவுன்ட்டரில் ஒரு கார்டைக் காட்டி அன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. மாமிக்கு அந்த 11 ரூபாயோடு கால் கிலோ தட்டையும் கொண்டுபோய்க் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

ஆக, கையால்தான் எழுத வேண்டும். ஒரே நாளில் உட்காராதீர்கள், கை விட்டுப்போகும். தினம் 15 போதும். ஜெல் பேனா வேண்டவே வேண்டாம். இந்தக் காகிதத்தில் ஊறிப் பரவும், மும்பை மழையில் ஒரு சொட்டு பட்டால் விலையே அழிந்துவிடும். என் ஓட்டு ரெனால்ட்ஸ் பால்பாயின்ட்டுக்கு. மொத்தப் பட்டியலையும் திணிக்காதீர்கள். நான் எழுதியது இவ்வளவுதான்:

"மாமி, நமஸ்காரம். ஐப்பசி முதல் வாரம் முறுக்கு சுற்றுகிறேன். போன தடவை உப்பு தூக்கல் என்றீர்கள், குறைத்துவிட்டேன். எவ்வளவு வேண்டும் என்று போன் பண்ணுங்கள்."

கீழே பெரிதாகப் போன் நம்பர். அந்த உப்பு வரியைப் படித்துவிட்டுத்தான் மாமி கூப்பிட்டார். அச்சடித்த கார்டில் அதை எங்கே எழுதுவது?

முகவரிப் பக்கத்தில் வலது பாதி முகவரிக்கு மட்டும். இடது பாதியில் செய்தியைத் தொடரலாம், அனுப்புநர் முகவரியும் அங்கேயே. செய்தி தமிழில் இருக்கட்டும், முகவரி ஆங்கிலத்தில். நம் தபால்காரருக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்று என்ன கட்டாயம்? பில்டிங் பெயர், விங், பிளாட் நம்பர் மூன்றும் வேண்டும். 'பி விங்' என்று எழுதாமல் விட்ட ஒரு கார்டு எனக்கே திரும்பி வந்தது.

பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே பெட்டியில் போடுங்கள். "கார்டைக் கொண்டுவந்தால் 50 கிராம் பருப்புப் பொடி இலவசம்" என்று ஓர் ஓரத்தில் எழுதிவிட்டால், எது வேலை செய்தது என்று தானாகத் தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: முலுண்டிலிருந்து ஒருவர், தான் போட்ட கார்டுகள் பாதி தாமதமாகப் போனதாக எழுதியிருந்தார். பார்த்தால், எல்லாவற்றுக்கும் 400080 போட்டிருக்கிறார். அது முலுண்ட் வெஸ்ட், ஈஸ்ட்டுக்கு 400081. பின்கோடை ஒவ்வொருவரிடமும் கேட்டே எழுதுங்கள்.