ட்ரேஸ்ரூட் காட்டாத வழி: ஸ்விட்ச்சுக்குள்ள பாக்கெட் எங்க நிக்குதுன்னு புடிக்கிறது

நெட்வொர்க் வரலைன்னு ஃபோன் வந்த உடனே நிறைய பேரு ட்ரேஸ்ரூட் (பாக்கெட் எந்தெந்த ரவுட்டர் வழியா போகுதுன்னு காட்டுற கமாண்ட்) தான் அடிக்கிறாங்க. வேற சப்நெட்டுக்கு (ரவுட்டருக்கு அந்தப் பக்கம் இருக்குற நெட்வொர்க்குக்கு) போற பிரச்சனைன்னா சரி, ஆனா ஒரே விலான்ல (ஸ்விட்ச்சுக்குள்ள தனியா பிரிச்ச நெட்வொர்க்ல) இருக்குற ரெண்டு மெஷினுக்கு நடுவுல நாலு ஸ்விட்ச் இருந்தாலும் அது ஒரே ஒரு ஹாப் தான் காட்டும், ஏன்னா டிடிஎல்லை (பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டர் தாண்டலாம்ங்கிற எண்ணை) குறைக்கிறது ரவுட்டர் வேலை, ஐபியைப் பார்க்காம அனுப்புற லேயர் 2 ஸ்விட்ச் அதைத் தொடவே தொடாது. அங்க மேக் அட்ரஸை (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்ணை) புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு ஸ்விட்ச்சா தான் போகணும். சிஸ்கோ கேட்டலிஸ்ட் வச்சு சொல்றேன், மத்ததுல கமாண்ட் தான் கொஞ்சம் மாறும்.

முதல்ல மெஷின்ல ஐபி பாருங்க, 169.254ன்னு ஆரம்பிச்சா டிஹெச்சிபி சர்வர்ல இருந்து ஐபி கிடைக்கலைன்னு அர்த்தம். ஐபி சரியா இருந்தா பழைய ஆர்ப் (எந்த ஐபிக்கு எந்த மேக்னு வச்சிருக்குற பட்டியல்) என்ட்ரியை அழிச்சிட்டு எதிர் மெஷினுக்கு பிங் போடுங்க. பிங் ஃபெயில் ஆனாலும் ஆர்ப் டேபிள்ல அதோட மேக் வந்திருச்சுன்னா லேயர் 2 நல்லாத்தான் இருக்கு, ஃபயர்வால் தடுக்குதான்னு பாருங்க, ஸ்விட்ச்சை நோண்ட வேண்டாம். இந்த ஒரு செக்கே பாதி நேரத்தை மிச்சம் பண்ணும்.

மேக் வரலைன்னா போர்ட்டுக்கு வாங்க. "ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ்"ல நாட்-கனெக்ட்னா கேபிளைப் பாருங்க. எர்-டிசேபிள்ட்னா ஸ்விட்ச்சே போர்ட்டை மூடிருச்சு, போர்ட் செக்யூரிட்டியோ (அனுமதி இல்லாத மேக்கைத் தடுக்குறது) பிபிடியு கார்டோ (அந்த போர்ட்ல வேற ஸ்விட்ச் மாட்டினா மூடுறது) காரணமா இருக்கலாம், காரணத்தை சரி பண்ணாம சும்மா ஷட், நோ ஷட் (போர்ட்டை மூடித் திறக்குற கமாண்ட்) அடிச்சா திரும்பவும் மூடிக்கும். ஒரு பக்கம் லேட் கொலிஷன் (தாமதமா நடக்குற மோதல்), இன்னொரு பக்கம் சிஆர்சி (கெட்டுப்போய் வர்ற ஃபிரேம்) எண்ணிக்கை ஏறுதுன்னா டூப்ளெக்ஸ் மிஸ்மேட்ச், அதாவது ஒரு பக்கம் ஃபுல் டூப்ளெக்ஸ், இன்னொரு பக்கம் ஹாஃப்.

இப்போ வழி தேடுறது. பிங்கை ஓட விட்டுட்டே செய்யுங்க, ஸ்விட்ச்சோட மேக் டேபிள்ல (எந்த மேக் எந்த போர்ட்லன்னு வச்சிருக்குறது) என்ட்ரி டிஃபால்ட்டா 300 செகண்ட்ல போயிரும், ஆனா ஐஓஎஸ்ல (சிஸ்கோ ஸ்விட்ச்சோட சாஃப்ட்வேர்) ஆர்ப் 4 மணி நேரம் நிக்கும், அதனால ஆர்ப்ல இருக்கு மேக் டேபிள்ல இல்லைன்னு குழம்புவீங்க. கேட்வே ஸ்விட்ச்ல "ஷோ ஐபி ஆர்ப்" போட்டு மேக்கை எடுங்க, "ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் அட்ரஸ்" போட்டு அந்த மேக்கைக் குடுத்தா போர்ட் வரும், அந்த போர்ட்டுக்கு அந்தப் பக்கம் யாருன்னு "ஷோ சிடிபி நெய்பர்ஸ்" சொல்லும் (சிடிபிங்கிறது சிஸ்கோ கருவிங்க பக்கத்துல யாருன்னு தெரிஞ்சுக்குற முறை), அந்த ஸ்விட்ச்சுக்குள்ள போய் இதையே திரும்ப செய்யுங்க, மெஷின் நேரா மாட்டியிருக்குற ஆக்சஸ் போர்ட் வர்ற வரைக்கும். இன்னொரு மெஷினோட மேக்கை வச்சும் ஒருதடவை நடந்து பாருங்க, போற வழி சரியா இருந்து வர்ற வழி அடைபட்டு இருக்கலாம்.

ஒரு ஸ்விட்ச்ல மேக் இருக்கு, அடுத்ததுல இல்லைன்னா நடுவுல இருக்குற ட்ரங்க் (பல விலானையும் சுமக்குற லிங்க்) தான் சந்தேகம். ரெண்டு பக்கமும் "ஷோ இன்டர்ஃபேஸஸ் ட்ரங்க்" போட்டு கடைசி பகுதியைப் பாருங்க, அங்க உங்க விலான் இல்லைன்னா பெரும்பாலும் ஒண்ணு ஸ்பானிங் ட்ரீ (லூப் வராம லிங்க்கை அடைக்குற முறை) ப்ளாக் பண்ணியிருக்கு, இல்லைன்னா அலவுட் லிஸ்ட்ல (அந்த ட்ரங்க்ல போக அனுமதிச்ச விலான் பட்டியல்ல) விடுபட்டிருக்கு. "ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் விலான் 30"ன்னு 'ஆட்' போடாம அடிச்சா பழைய லிஸ்ட் மொத்தமும் போய் 30 மட்டும் தான் நிக்கும், ரிமோட்ல இருந்து செய்யும்போது மேனேஜ்மென்ட் விலானும் (நீங்க ஸ்விட்ச்சுக்குள்ள வர்ற வழி) சேர்ந்து போயிரும், தயவுசெஞ்சு கவனமா இருங்க.

எல்லா ஸ்விட்ச்லயும் சிடிபி ஆன்ல இருந்தா "ட்ரேஸ்ரூட் மேக்" ஒரே கமாண்ட்ல இந்த வேலையை முடிச்சுக் குடுக்கும், ஆனா ரெண்டு மேக்கும் ஒரே விலான்ல இருக்கணும்.

சில மெஷின் ஜோடி மட்டும் பேசாம மத்ததெல்லாம் ஓடுதுன்னா ஈதர்சேனலை (பல கேபிளை ஒரே லிங்க்கா சேர்த்தது) பாருங்க, ஒரு ஃப்ளோ (ஒரு ஜோடிக்கு நடுவுல போற ட்ராஃபிக்) எப்பவும் ஒரே மெம்பர் லிங்க்ல தான் போகும். "டெஸ்ட் ஈதர்சேனல் லோட்-பேலன்ஸ்"ல ரெண்டு அட்ரஸையும் குடுத்தா எந்த லிங்க்னு சொல்லும், அதை மட்டும் ஷட் பண்ணுங்க, பேச ஆரம்பிச்சிருச்சுன்னா அந்த கேபிளையோ எஸ்எஃப்பியையோ (போர்ட்ல சொருகுற மாட்யூல்) மாத்துங்க.