‘சான்று இல்லை’ என்று எழுதும் முன்: மருத்துவமனை நூலகர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஆய்வுக் கட்டுரைகளில் பதில் தேடித் தருவதுதான் மருத்துவமனை நூலகரின் வேலை. புதிதாகச் சேர்பவர்களின் தேடல் பதிவுகளை அவ்வப்போது எடுத்துப் படிப்பேன். தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகள் அதே வரிசையில் வந்து நிற்கின்றன. எழுத்துப்பிழை, பாதியில் நின்ற பதிவிறக்கம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன்; அவை தாமாகவே தெரிந்துவிடும். கண்ணில் படாமல் நோயாளியின் படுக்கை வரை போய்விடும் தவறுகள்தான் எனக்குக் கவலை.

இந்த வேலைக்கு எவ்வளவு எடை என்பதைச் சொல்ல ஓர் ஆய்வு போதும். 1992இல் வெளியான, அமெரிக்காவின் ராச்செஸ்டர் பகுதியில் நடந்த ஆய்வில், மருத்துவமனை நூலகத்திடம் தகவல் கேட்டுப் பெற்ற 208 மருத்துவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர், அதனால் சிகிச்சையில் ஏதோ ஒன்றை வேறு விதமாகச் செய்ததாக, அல்லது பெரும்பாலும் செய்திருப்பதாகச் சொன்னார்கள். நாம் அனுப்பும் பதில் சிகிச்சையை மாற்றுகிறது. தவறான பதிலும்தான்.

வந்த கேள்வியை அப்படியே தேடுவது

“இந்த மருந்தைப் பற்றி ஏதாவது இருக்கா?” என்றுதான் வார்டிலிருந்து கேட்பார்கள். நேரமில்லாதவர் வேறு எப்படிக் கேட்பார்? உடனே தட்டச்சு செய்யாமல், “என்ன முடிவு எடுக்க வேண்டியிருக்கு டாக்டர்?” என்று திருப்பிக் கேளுங்கள். எந்த மாதிரி நோயாளி, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட, எந்த விளைவை எதிர்பார்த்து என்ற நான்கும் அந்தப் பதிலிலேயே பெரும்பாலும் வந்துவிடும். எப்போதைக்குள் வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘சான்று எதுவும் இல்லை’ என்று பதில் அனுப்புவது

எத்தனை முறை சொல்லியும் தீராத எரிச்சல் இது.

ஒருமுறை தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு கேள்வி. மனச்சோர்வுக்கு எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை சாப்பிட்டுவரும் ஒருவருக்கு லினசோலிட் கொடுப்பதில் ஆபத்து உண்டா? புதிதாக வந்த நூலகர் இரண்டு மருந்துகளின் பெயரையும் போட்டார். ரேண்டமைஸ்டு ட்ரையல்கள் (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சிகிச்சைகளை ஒப்பிடும் சோதனைகள்) மட்டும் என்று ஃபில்டர் வைத்தார். உருப்படியாக ஒன்றும் வரவில்லை. ‘தரமான சான்று எதுவும் இல்லை’ என்று ஒரே வரியில் பதில் தயார். நல்லவேளையாக, அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார்.

லினசோலிட் ஆன்டிபயாடிக்தான். ஆனால் மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் என்ற நொதியையும் இலேசாகத் தடுக்கும். எஸ்எஸ்ஆர்ஐயோடு சேரும்போது நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் மிகுந்து, காய்ச்சல், நடுக்கம், மனக்குழப்பம் என்று செரோட்டோனின் சிண்ட்ரோம் வரலாம். இதை முதலில் சொன்னவை ட்ரையல்கள் அல்ல, தனித்தனி நோயாளிகளுக்கு நேர்ந்ததை எழுதிய கேஸ் ரிப்போர்ட்டுகள். 2011இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விடுத்ததும் தனக்கு வந்த பக்கவிளைவு அறிக்கைகளை வைத்துத்தான். இது அரிதாகவே நேர்கிறது என்பதைக் காட்டியவையும் பின்னால் வந்த, நோயாளிகளின் பதிவுகளை அலசிய ஆய்வுகளே. மருத்துவருக்குத் தேவைப்பட்டது இந்த இரண்டு பக்கமும்தான். ஒரு ஃபில்டர் இரண்டையும் சேர்த்து அழித்துவிட்டது.

பயன் பற்றிய கேள்விக்கு ட்ரையலைத் தேடுவது சரி. தீங்கு பற்றிய கேள்விக்கு அதே பழக்கம் உதவாது. 300 பேர் கொண்ட ட்ரையலில் ஒருவருக்குக்கூட ஒரு பக்கவிளைவு வராமல் போனாலும், அது நூற்றில் ஒருவருக்கு வரக்கூடும் என்ற வாய்ப்பைக் கணக்குப்படி ஒதுக்கிவிட முடியாது. ஆகவே தீங்கு என்றால் கேஸ் ரிப்போர்ட், மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பேடு, எஃப்டிஏ போன்ற அமைப்புகளின் எச்சரிக்கைகள், நச்சியல் நூல்கள், பழைய பாடப்புத்தகங்கள் என்று எல்லாவற்றையும் திறந்தாக வேண்டும்.

பழையவை எதற்கு என்று கேட்பவர்களிடம் 2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்வேன். ஆஸ்துமா தொடர்பான ஆய்வில் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பழைய மருந்தை மூச்சுவழி உள்ளிழுத்த, நோய் எதுவும் இல்லாத 24 வயதுத் தன்னார்வலர் நுரையீரல் செயலிழந்து இறந்தார். ஆய்வாளர் தேடிப் பார்த்த பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளம் அப்போது 1966 வரைதான் பின்னோக்கிப் போனது. அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்று சொன்ன கட்டுரைகள் 1950களில் வந்தவை. திரையில் ஒன்றும் வராதபோது, தான் தேடிய இடம் எங்கே முடிகிறது என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டியது நம் தொழில்.

‘இல்லை’ என்ற பதில் அவசரத்தில் இருக்கும் மருத்துவரின் கையில் ‘ஆபத்து இல்லை’ என்று மாறிவிடும். எனவே இப்படி எழுதுங்கள்: எந்தெந்தத் தளங்களில், எந்தச் சொற்களால், எந்தத் தேதி வரை தேடினீர்கள், எந்த வகைச் சான்று கிடைக்கவில்லை, எது கிடைத்தது. நான்கு வரி போதும்.

‘மனிதர்கள் மட்டும்’ ஃபில்டர்

பப்மெட்டில் இதைத் தொடாதீர்கள். மெஷ் குறியீடு (கட்டுரை எதைப் பற்றியது என்று காட்டும் பொருள் தலைப்பு) இடப்படாத கட்டுரைகள் எல்லாம் இதில் விடுபட்டுவிடும். புத்தம் புதியவை சிலவும் அவற்றில் இருக்கக்கூடும்.

கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள அப்ஸ்ட்ராக்டை மட்டும் படித்துச் சுருக்கம் எழுதுவது

கூடாது.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா (இதழே அதை நம்ப வேண்டாம் என்று அறிவித்ததா) என்று பார்க்காமல் அனுப்புவது

ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச் என்ற, இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் திரவம் பற்றி நிறையக் கட்டுரைகள் எழுதிய ஜெர்மானிய மயக்கவியல் மருத்துவர் ஒருவரின் வெளியீடுகளை 2011இல் இதழ்கள் பெருமளவில் திரும்பப் பெற்றன. 2013இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு (பல ட்ரையல்களின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஆய்வு), அவருடைய ஏழு ட்ரையல்களைச் சேர்த்தும் நீக்கியும் கணக்கிட்டது. சேர்த்தபோது மங்கலாக இருந்த இறப்பு அபாயம், நீக்கியதும் துலங்கியது. ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டாலும், அதை முன்பே சேர்த்துக்கொண்ட ரிவ்யூக்கள் நூலகத் தளங்களில் அப்படியே கிடக்கும். சிஸ்டமேட்டிக் ரிவ்யூ (ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளை முறையாகத் திரட்டி மதிப்பிடும் கட்டுரை) என்று பெயர் பார்த்ததும் நிம்மதி அடையாமல், அதற்குள் எந்த ட்ரையல்கள் இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். பத்து நிமிட வேலை. யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் செய்ய வேண்டும்.

நாற்பது கட்டுரைகளை மூட்டை கட்டி அனுப்புவது

ரவுண்ட்ஸுக்கு நடுவே அதைத் திறக்க யாருக்கும் கை ஓடாது. பதிலை முதல் இரண்டு வரியில் சொல்லுங்கள். அதைத் தாங்கும் மூன்று நான்கு கட்டுரைகளை மட்டும் இணையுங்கள். அவை ஒன்றோடொன்று முரண்பட்டால், அதையும் அந்த இரண்டு வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

தேடலைச் சேமிக்காமல் விடுவது

அதே கேள்வி வேறொரு வார்டிலிருந்து மறுபடி வரும். தேதியோடு சேமித்து வையுங்கள்.