தொழில்நுட்ப மேலாண்மைப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

அறிவியலிலோ பொறியியலிலோ பட்டம் முடித்துவிட்டு மேலாண்மை படிக்க நினைக்கும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட மாணவர்கள் பெரும்பாலும் எந்தக் கல்லூரியில் சேரலாம் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்பே, அந்தக் கல்லூரி நான்கு பருவங்களிலும் எதைக் கற்பிக்கிறது என்று விசாரிப்பது நல்லது.

தொழில்நுட்ப மேலாண்மை எதைப் பற்றியது என்பதை நம் ஊர்த் தோல் தொழிலைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். குரோம் உப்பால் தோலைப் பதனிடும்போது வெளியேறும் கழிவுநீரில் குரோமியம் கலந்திருக்கும். அதை மீட்டு மறுபடியும் பயன்படுத்தும் அமைப்பை நிறுவுவதா, தாவரப் பொருள்களால் பதனிடும் முறைக்கு மாறுவதா, பல ஆலைகளுக்கும் பொதுவான சுத்திகரிப்பு நிலையத்தையே நம்பியிருப்பதா என்பதை முடிவு செய்பவருக்கு வேதியியலும் முதலீட்டுக் கணக்கும் சட்டமும் ஒருங்கே தெரிந்திருக்க வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றபின், இத்தகைய முடிவுகளைத் தள்ளிப்போட வழியில்லாமல் போயிற்று. இப்படிப்பட்ட முடிவை எடுக்கப் பழக்கும் படிப்பே உண்மையில் தொழில்நுட்ப மேலாண்மை.

ஆகவே பாடத்திட்டத்தை இணையத்திலிருந்து இறக்கி, வரிவரியாகப் படியுங்கள். காப்புரிமை, ஆய்வு மற்றும் மேம்பாட்டு மேலாண்மை, தொழில்நுட்ப முன்கணிப்பு, திட்ட மேலாண்மை, புதிய பொருள் உருவாக்கம் ஆகியவை கட்டாயப் பாடங்களாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றில் ஒன்றிரண்டு மட்டும் விருப்பப் பாடமாக வந்தால், பெயர் எதுவாக இருந்தாலும் அது வழக்கமான எம்.பி.ஏ. தான். ஒவ்வொரு பாடத்தின் எதிரிலும் எல், டி, பி, சி என்று நான்கு எண்கள் இருக்கும். விரிவுரை, பயிற்சி வகுப்பு, செய்முறை ஆகியவற்றின் வார மணிநேரங்களையும், அப்பாடத்தின் மதிப்பளவான கிரெடிட்டையும் அவை குறிக்கின்றன. மூன்றாம் எண் ஏறக்குறைய எல்லாப் பாடங்களுக்கும் பூஜ்யமாக இருந்தால், வகுப்பறைக்கு வெளியே கற்பது மிகக் குறைவு என்று பொருள்.

அடுத்ததாகத் துறை நூலகத்துக்குச் சென்று, சென்ற ஆண்டு மாணவர்களின் திட்ட அறிக்கைகளைக் கேட்டுப் புரட்டிப் பாருங்கள். இராணிப்பேட்டை பெல் ஆலையிலோ சிப்காட் தொழிற்சாலையிலோ ஆம்பூர்க் காலணி நிறுவனத்திலோ ஓர் உண்மையான சிக்கலை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்களா, ஊழியர் மனநிறைவு பற்றிய கேள்வித்தாளோடு முடித்துக்கொண்டார்களா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். என் பார்வையில், எந்த விளம்பரத்தையும் விட நம்பத்தகுந்த சான்று இதுதான்.

அங்கீகாரத்தைச் சரிபார்ப்பதும் இன்றியமையாதது. தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு (நாக்) தரும் மதிப்பீடு கல்லூரி முழுமைக்கும் உரியது, தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் குறிப்பிட்ட படிப்புக்கு உரியது என்பதால், இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வின் மதிப்பெண் அரசு ஒதுக்கீட்டு எம்.பி.ஏ. இடங்களுக்குத் தேவைப்படும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை முறை வேறு என்பதால், அதைத் தனியே விசாரிக்க வேண்டும்.

இளங்கலை முடித்த உடனே சேர்வதா என்று தயங்குபவர்கள், ஓரிரு ஆண்டுகள் ஆலையிலோ ஆய்வகத்திலோ வேலை பார்த்தபின் சேருவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. உற்பத்திக் கூடத்தை அறிந்தவருக்கே வகுப்பில் கேட்பதற்குக் கேள்விகள் இருக்கும். வீட்டுச் சூழல் அதற்கு இடம்தராவிட்டால், தொழிற்சாலைப் பயிற்சிக் காலம் நீண்டதாக உள்ள படிப்பைத் தேர்ந்தெடுங்கள். பணம் கட்டுவதற்கு முன், விடுதி, தேர்வுக் கட்டணம் உள்ளிட்ட இரண்டு ஆண்டுச் செலவையும், இடையில் விலகினால் கட்டணம் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.