ஆப்பு வண்டிக்கு வக்காலத்து வாங்குவது எப்படி

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் என் காருக்குப் பெயர் ‘ஆப்பு’. பெயர் வைத்தது என் மச்சான். முன்பக்கம் தரையை நோக்கிச் சரிந்து, பின்பக்கம் வெட்டிவிட்ட கட்டை மாதிரி உயர்ந்து நிற்கும் மஞ்சள் நிற ட்ரையம்ப் டிஆர்7 என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், 1979 மாடல். பக்கத்து ஊரான பைன்டவுனில் இருந்த ஒரு இங்கிலாந்துக்கார இன்ஜினியர் ஊர் திரும்பும்போது என்னிடம் விற்றுவிட்டுப் போனார். மச்சானிடம் இருப்பது பழைய டாட்சன் எஸ்எஸ்எஸ் என்ற ஜப்பான் கார். டர்பனில் நம்மவர்களிடம் அந்த வண்டிக்கு உள்ள மரியாதையைச் சொல்லத் தேவையில்லை. அதனால் அவருக்கு வாயும் கொஞ்சம் நீளம்.

இப்படி ஊர் வாயில் விழுகிற வண்டியை வைத்திருப்பவர்களுக்காக, இருபது வருடத்துக்கு மேல் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதல் வேலை, ‘அழகு’ என்ற சொல்லை வாயிலிருந்து எடுத்துவிடுவது. “இது அழகான வண்டிதான்” என்று நான் ஆரம்பித்த எல்லா வாதத்திலும் தோற்றிருக்கிறேன். ஆப்பைப் பிடுங்கின குரங்கு மாதிரி நம் வால்தான் மாட்டும். அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது, அதில் யாரையும் மடக்க முடியாது. ‘ஏன் இப்படி இருக்கிறது’ என்று பேச ஆரம்பியுங்கள். அதற்குப் பதில் இருக்கிறது, கேட்கிறவரும் கொஞ்ச நேரம் நிற்பார்.

காரணங்களைச் சொல்லும்போது வண்டியைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். நான் பானெட்டைத் திறந்துவிடுவேன். 1998 சிசி இன்ஜின் நிமிர்ந்து நிற்காமல் 45 டிகிரி சாய்ந்து படுத்திருக்கும். “பார்த்தீர்களா, உள்ளே இருப்பதே சாய்ந்துதான் இருக்கிறது” என்றால் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். அப்புறம் மூக்கு. முகப்பு விளக்கு தரையிலிருந்து இவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம். இத்தனை தாழ்வான மூக்கில் அந்த உயரத்துக்கு விளக்கை எங்கே வைப்பது? அதனால் பகலில் மூடியிருந்து இரவில் எழும்புகிற விளக்கு. அந்தத் தடித்த கறுப்பு பம்பர், மணிக்கு 5 மைல் வேகத்தில் இடித்தாலும் தாங்க வேண்டும் என்ற இன்னொரு விதிக்காக.

கூரையின் கதைதான் எனக்குப் பிடித்தது. ட்ரையம்ப்பின் டிஆர் கார்கள் என்றாலே திறந்த கார்கள். ஆனால் 1970-களின் தொடக்கத்தில், கவிழ்ந்தால் ஆபத்து என்று திறந்த கார்களையே அமெரிக்கா தடை செய்துவிடும் என்று எல்லோருக்கும் ஒரு பயம். டிஆர்7-ஐ முக்கியமாக விற்க நினைத்ததே அங்கேதான். அந்தப் பயத்தில் கூரை போட்டே வரைந்தார்கள். 1975 ஜனவரியில் அங்கே விற்பனைக்கும் வந்தது. தடை மட்டும் வரவே இல்லை. கல்யாணத்துக்கு மழை வரும் என்று பந்தலுக்கு மேல் தகரம் போட்டு, கடைசியில் வெயில் அடித்த கதை. 1979-இல் திறந்த மாடலையும் கொண்டுவந்தார்கள். அது என்னுடையதைவிடப் பார்க்க நன்றாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

இப்படி ஒன்றிரண்டை நாமே ஒப்புக்கொள்வதும் வக்காலத்தில் சேர்த்திதான். மச்சான் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிற ஒரு கதை உண்டு. பெரிய கார் டிசைனர் ஒருவர் கண்காட்சியில் இந்த வண்டியின் ஒரு பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தாராம். சுற்றி மறுபக்கம் வந்து, “ஐயோ, இந்தப் பக்கமும் இப்படியே செய்துவிட்டார்களா!” என்றாராம். உண்மையோ கட்டுக்கதையோ, நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் மச்சான் கையில் வேறு அம்பு இல்லை. அந்த டிசைனர் முகம் சுளித்திருக்கக்கூடிய இடத்தையும் காட்டுவேன்: பின்சக்கரத்துக்கு மேலே தொடங்கி, கதவு வழியாக இறங்கி, முன்சக்கரத்துக்குப் பின்னால் வளைந்து முடிகிற கோடு. இந்த வண்டியை வடிவமைத்தவர் ஹாரிஸ் மான். அந்தக் கோடு இல்லாவிட்டால் பக்கவாட்டு வெறும் தகரச் சுவர்தான் என்பது என் கட்சி. என் மனைவி இதில் மச்சான் கட்சி.

சரி, இனி சொல்வதுதான் பலருக்கும் தெரியாதது. இந்த வண்டியை எங்கே நின்று பார்க்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நீளம் நான்கு மீட்டரைச் சற்றுத் தாண்டும், ஆனால் இரண்டு அச்சுக்கும் இடையே வெறும் 2.16 மீட்டர். நேர் பக்கவாட்டில் நின்று பார்த்தால் கூரை பெரிதாக, வண்டி குட்டையாக, பொம்மை மாதிரி தெரியும். ஆகவே பக்கவாட்டு தெரிகிற மாதிரி நிறுத்தாதீர்கள். ஞாயிறு காலை நார்த் பீச்சில் நிறுத்தும்போது, மூக்கின் ஒரு மூலை நடைபாதையைப் பார்க்கிற மாதிரி கோணலாக நிறுத்துவேன். பக்கத்தில் உயரமான பக்கி, அதாவது பிக்கப் வண்டி, எதுவும் நிற்கக் கூடாது. பேச வருகிறவரை மூக்கின் மூலைக்குக் கூட்டிப்போய், “கொஞ்சம் குனிந்து பாருங்கள் அண்ணா” என்று சொல்லுங்கள். கண் விளக்கு உயரத்துக்கு இறங்கினதும் கூரை மறைந்து, அந்தச் சரிவு மட்டும் நிற்கும். கடலை விட்டு இதைப் பார்த்தவர்கள் உண்டு.

வண்டியின் உயரத்தையும் கவனியுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி அது பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். ஓர் அங்குலம் இறக்குகிற ஸ்பிரிங் போட்டேன். நான் செலவழித்ததில் அதற்குத்தான் பலன் அதிகம். ஓர் அங்குலத்துக்கு மேல் இறக்காதீர்கள், எங்கள் தெரு ஸ்பீட் ஹம்ப் அடியைத் தட்டும்.

அப்படியும் மசியாதவரிடம் எண்ணைச் சொல்லுங்கள். டிஆர் வரிசையிலேயே அதிகம் செய்த கார் இதுதான், ஒரு லட்சத்துக்கும் மேல். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற முந்தைய மாடல் டிஆர்6 கூட அத்தனை இல்லை. பிடிக்காத வண்டியை அத்தனை பேர் காசு கொடுத்தா வாங்கினார்கள்? உடனே, “அப்புறம் ஏன் 1981-இல் நிறுத்தினார்கள்?” என்று கேட்பார்கள். அது தொழிற்சாலைகளின் கதை. லிவர்பூலில் ஸ்பீக்கில் தொடங்கி, 1978-இல் கோவென்ட்ரிக்கு மாற்றி, 1980-இல் சோலிஹல்லுக்கு மாற்றினார்கள். ஆறேழு வருடத்தில் மூன்று தொழிற்சாலை பார்த்த வண்டி. அதற்கும் மூக்குக்கும் சம்பந்தமில்லை. பேச்சு அந்தப் பக்கம் போனால் திரும்ப மூக்குக்கே கொண்டுவாருங்கள்.

விளக்கை எழுப்பிக் காட்டுவதைக் கடைசிக்கு வையுங்கள். குழந்தைகள் இருந்தால் வேறு வாதமே வேண்டாம். ஆனால் அதற்கு முன் வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். இரண்டு விளக்குக்கும் தனித்தனி மோட்டார். என் அலட்சியத்தால் ஓர் எர்த் வயர் துருப்பிடித்துக் கிடந்தது. ஒரு கல்யாண மண்டப வாசலில், அத்தனை சொந்தக்காரர்களுக்கு முன்னால், ஒரு கண் மட்டும் எழும்பியது. “அத்தான், யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறது?” என்றார் மச்சான். மோட்டாரில் கையால் திருகுகிற ஒரு குமிழ் இருக்கிறது, அதைத் திருப்பினால் மற்ற கண்ணும் ஏறிவிடும். பட்டு வேட்டியோடு பானெட்டுக்குள் கை விட வேண்டியிருக்கும், ஒரு பழைய துணியை டிக்கியில் போட்டு வையுங்கள்.