பில்டு நின்றால் கம்பைலரை அழிக்காதீர்கள், பாத்தைப் பாருங்கள்

மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ போன் ஹாட்ஸ்பாட்டை வைத்து வேலை பார்ப்பவர், பில்டு (நிரலை ஓடக்கூடிய கோப்பாக மாற்றும் வேலை) நின்றதும் அதைச் செய்யும் கம்பைலரை அழித்துவிட்டு மறுபடி இறக்கினால் அன்றைய டேட்டா அதிலேயே தீரும். பிழை அப்படியே இருக்கும். விண்டோஸில் மிங்டபிள்யூ என்ற கம்பைலர் தொகுப்பும் சிமேக் என்ற பில்டு கருவியும் வைத்திருப்பவர்களுக்குப் பல நேரம் கோளாறு கம்பைலரில் இல்லை. எஸ்எச் என்ற ஷெல் (யூனிக்ஸ் பாணிக் கட்டளைகளை ஓட்டும் மென்பொருள்) இடையில் புகுந்திருக்கும்.

கட்டளைகளை வரிசையாக ஓட்டும் மேக் என்ற கருவி, ஓடும்போது பாத் பட்டியலில் (விண்டோஸ் நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) எஸ்எச் டாட் எக்ஸி இருக்கிறதா என்று தேடும். இருந்தால் கட்டளைகளை அதனிடம் கொடுக்கும், இல்லாவிட்டால் விண்டோஸின் சொந்த ஷெல்லான சிஎம்டியிடம். படகு ஜிபிஎஸ் கருவிக்கான நிரலின் மேக்ஃபைலில் (மேக் படிக்கும் கட்டளைக் கோப்பு) விண்டோஸில் கோப்பை அழிக்கும் 'டெல்' என்று எழுதியிருந்து 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' வந்தால், எஸ்எச் மாட்டியிருக்கிறது. அதே வேலைக்கான யூனிக்ஸ் கட்டளை 'ஆர்எம்' என்று எழுதி 'கிரியேட்பிராசஸ்' பிழை வந்தால் நிலைமை நேர்மாறு, எஸ்எச் கிடைக்கவில்லை. பழைய சிமேக் பதிப்புகள் பாத்தில் எஸ்எச் இருப்பதைக் கண்டாலே பிழை சொல்லி நின்றுவிடும்.

சிஎம்டியைத் திறந்து 'வேர் எஸ்எச்' (where sh) கொடுங்கள். பவர்ஷெல்லில் 'வேர்' வேறு கட்டளை. அங்கே 'வேர் டாட் எக்ஸி' என்று முழுதாக அடிக்க வேண்டும். கிட் (நிரலின் பதிப்புகளைக் காக்கும் கருவி) ஃபோல்டருக்குள் 'யூஎஸ்ஆர்', அதற்குள் 'பின்' என்று முகவரி வந்தால் காரணம் தெரிந்துவிட்டது: கிட் நிறுவும்போது யூனிக்ஸ் கருவிகளையும் பாத்தில் சேர்க்கும் மூன்றாவது விருப்பம் தேர்வாகியிருக்கிறது. பாத் பட்டியலில் அந்த வரியை நீக்குங்கள். கிட்டின் 'பின்' ஃபோல்டர் தனியாக இருந்தால் அதையும் எடுங்கள், அதிலும் எஸ்எச் உண்டு. 'சிஎம்டி' ஃபோல்டர் மட்டும் இருக்கட்டும். கிட் கட்டளைக்கு அது போதும்.

விண்டோஸில் பயனர் பாத், சிஸ்டம் பாத் என்று இரண்டு உண்டு. பயனர் பாத்தில் வரிகளை மேலே கீழே நகர்த்திப் பயனில்லை. சிஸ்டம் பாத்தே எப்போதும் முன்னால் வரும், கிட் வரி அங்கே இருந்தால் அங்கேயே நீக்க வேண்டும்.

கல்லூரி லேப் கணினியில் அட்மின் உரிமை இருக்காது. அங்கே சிஎம்டியில் 'செட் பாத்' கொடுத்து கம்பைலரின் பின், சிமேக்கின் பின், சிஸ்டம்32 மூன்றை மட்டும் வையுங்கள். அந்த ஜன்னலுக்கு மட்டும்தான் செல்லும். காரணம் எஸ்எச்தானா என்று உறுதிசெய்யவும் இதுவே நல்ல வழி.

பாத் வரியை நீக்கிய பிறகு விஎஸ் கோடு எடிட்டரை முழுதாக மூடித் திறங்கள். இல்லாவிட்டால் அதன் டெர்மினலில் பழைய பாத்தே இருக்கும். பில்டு ஃபோல்டரில் சிமேக்கேஷ் கோப்பையும் சிமேக்ஃபைல்ஸ் ஃபோல்டரையும் கட்டாயம் அழியுங்கள். எஸ்எச் இருந்த முகவரியைச் சிமேக் கேஷில் எழுதி வைத்திருக்கும். பாத்தைச் சரிசெய்த பிறகும் பிழை போகவில்லை என்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள்.

பாத்தைத் தொடவே முடியாது என்றால் மேக்குக்குப் பதிலாக நிஞ்சா என்ற பில்டு கருவிக்கு மாறுங்கள். ஒரே எக்ஸி, இறக்க ஒரு எம்பிகூட ஆகாது, விண்டோஸில் எஸ்எச்சைத் தேடாது. புதிய புராஜெக்ட் என்றால் முதலிலிருந்தே இதுதான் எங்கள் பரிந்துரை.

மைக்ரோசாஃப்ட் கம்பைலர்காரர்களுக்கு இதே தொல்லை 'லிங்க்' (கம்பைல் செய்த கோப்புகளை இணைக்கும் கருவி) பெயரில் வரும். கிட்டோடு வரும் ஷெல்லான கிட் பாஷில் பில்டு செய்தால், அதே பெயருள்ள கிட்டின் வேறொரு லிங்க் முந்திக்கொண்டு 'எக்ஸ்ட்ரா ஆபரண்ட்' என்று கத்தும். விஷுவல் ஸ்டூடியோவின் டெவலப்பர் கமாண்ட் பிராம்ப்டில் ஓட்டினால் சரியான லிங்க் கிடைக்கும்.