இழுவைக்குப் போகும் பழைய பிக்கப்பின் கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்டும் முறை

கடலூரிலும் புதுச்சேரியிலும் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய பிக்கப் வண்டிகள் இன்னும் ஓய்வு பெறவில்லை. முதுநகர்த் துறைமுகத்தில் மீன்பெட்டியும் பனிக்கட்டியும் ஏற்றுகிற அதே வண்டி, மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஜெனரேட்டர் டிரெய்லரை இழுத்துச் செல்கிறது; அடுத்த வாரம் ஒரு ஃபைபர் படகைப் பழுதுபார்க்கும் இடத்துக்குக் கொண்டு போய்ச் சேர்க்கிறது. முதுகில் ஏற்றும் சுமையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட கியர்பாக்ஸ், பின்னால் கட்டி இழுக்கும் சுமையையும் சேர்த்துத் தாங்கும்போது வழக்கத்தைவிட விரைவில் தேய்கிறது. பொலேரோ பிக்கப், டாடா 207 போன்ற, பின்சக்கரத்துக்குச் சக்தி போகும் 5 கியர் வண்டிகளின் கியர்பாக்ஸை இழுவை வேலைக்கு ஏற்றபடி பிரித்துக் கட்டுவது எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன். இழுக்கும் எடை ஆர்.சி.யிலும் வண்டியின் கையேட்டிலும் உள்ள வரம்புக்குள் இருக்க வேண்டும். வரம்பை மீறிய எடையை எந்த கியர்பாக்ஸ் வேலையும் ஈடுகட்டாது.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வண்டியை ஓட்டிப் பார்த்து, சத்தத்தைக் காதால் பிரித்தறிய வேண்டும். நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது இரைச்சல் கேட்டு, கிளட்ச் பெடலை மிதித்ததும் அது நின்றுவிட்டால், கிளட்ச் ஷாஃப்ட் (இன்ஜின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டு) பேரிங்கையோ லே ஷாஃப்ட் (அந்தச் சக்தியை மற்றக் கியர்களுக்குக் கடத்தும் இடைத்தண்டு) பேரிங்கையோ சந்தேகிக்கலாம். மிதித்த பிறகுதான் இரைச்சல் தொடங்குகிறது என்றால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும், கிளட்ச் ஷாஃப்டின் முன்முனையைத் தாங்கும் பைலட் பேரிங்கையும் முதலில் பார்க்க வேண்டும். இந்த வகை கியர்பாக்ஸ்களில் பெரும்பாலும் 4-வது கியர் நேரடி கியர், அதாவது கிளட்ச் ஷாஃப்டும், சக்தியை வெளியே அனுப்பும் மெயின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டுச் சுழல்வதால், லே ஷாஃப்ட் சுமை தாங்காமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே மற்ற கியர்களில் கேட்கும் ஊளை 4-வது கியரில் மட்டும் அடங்கினால், கோளாறு லே ஷாஃப்டிலோ அதன் பல்சக்கரங்களிலோ இருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் நழுவி நியூட்ரலுக்கு வருகிறதா என்பதையும் ஒவ்வொரு கியரிலும் சோதித்து, கண்டதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வண்டியைப் பிரித்த பிறகு அந்தத் தாள்தான் எங்கே தேட வேண்டும் என்று சொல்லும்.

ஓட்டிவிட்டு வந்ததும், ஆயில் சூடாக இருக்கும்போதே வெள்ளைப் பாத்திரமொன்றில் வடிக்க வேண்டும். வடிகால் நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு படிந்திருப்பது இயல்பான தேய்மானம். பொன்னிறத் துகள் மின்னினால், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன்படுத்தும் சிங்க்ரோ ரிங்கின் பித்தளை கரைகிறது என்று பொருள். வெள்ளி நிறச் செதில்கள் பேரிங்கிலிருந்தோ பற்களிலிருந்தோ உரிந்தவை. ஆயில் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. நம் கடலோரத்தில் அது அரிதல்ல என்பதால் அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

இறக்கும் வேலையில் விரிவாகச் சொல்ல அதிகமில்லை. பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஃபிளேஞ்சில் (இணைப்புத் தட்டில்) சுத்தியும் உளியுமாக ஓர் அடையாளக் கோடு போட்ட பின்னரே போல்ட்டைக் கழற்ற வேண்டும். கியர்பாக்ஸைப் பின்னால் இழுக்கும்போது அதன் எடை முழுவதும் கிளட்ச் ஷாஃப்டின் மேல் தொங்கவிடப்பட்டால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். ஆகவே ஷாஃப்ட் முழுவதும் வெளியே வரும்வரை ஜாக்கி அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கடற்கரையில் ஓடும் வண்டிகளில் அலுமினிய உறைக்குள் இரும்பு போல்ட் உப்பேறி இறுகியிருக்கும். முதல் நாள் மாலையே துரு நீக்கும் எண்ணெய் தெளித்து ஊறவிட்டால் மரை தப்பும்.

வெளிப்புறத்தை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிய பிறகுதான் உறையைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் கைப்பேசியில் படமெடுத்து, ஷாஃப்டிலிருந்து வந்த வரிசை மாறாமல் சுத்தமான துணியில் அடுக்குங்கள். சிங்க்ரோ ரிங்குகளை அந்தந்தக் கியரோடு கம்பியால் கட்டி வைப்பது நல்லது, ஏனெனில் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் கூம்பு முகத்தோடு சேர்ந்து தேய்ந்தது.

இனி, இந்த வேலையின் மையத்துக்கு வருவோம். பல பட்டறைகளில் 'கியர்பாக்ஸ் வேலை' என்றால் பேரிங், ரிங், சீல் மூன்றையும் மாற்றி மூடுவது என்றே கொள்கிறார்கள். சுமை மட்டும் ஏற்றும் வண்டிக்கு அது ஓரளவு போதும் என்றாலும், இழுவை வண்டிக்குப் போதாது. பல்சக்கரங்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. அவற்றின் வழியே சக்தி பாயும்போது ஷாஃப்ட் சுழல்வதோடு நிற்காமல் நீளவாக்கில் ஒரு பக்கம் தள்ளவும் படுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு பக்கமாகவும், விட்டுவிட்டு இன்ஜின் தடுப்பில் இறங்கும்போது எதிர்ப்பக்கமாகவும் அந்தத் தள்ளல் மாறுகிறது. பின்னால் டிரெய்லர் இருக்கும்போது, அதுவும் நம்மை முன்னால் உந்துவதால், இந்த இருபக்கத் தள்ளலும் பலமடைகிறது. பேரிங்கிலோ வாஷரிலோ சிறிது தேய்மானம் இருந்தால்கூட ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகரத் தொடங்கி, கியரை ஷாஃப்டோடு பிணைக்கும் பூட்டுப் பற்கள் முழுமையாகக் கவ்வாமல், மிதியை விட்டதும் கியர் நழுவுகிறது. புது பேரிங் போட்ட பிறகும் கியர் நழுவுகிறது என்று வரும் வண்டிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, இந்த நீளவாக்கு ஆட்டத்தை யாரும் அளக்கவே இல்லை என்பதைத்தான்.

அளப்பதற்கு, நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் போதும். ஷாஃப்டின் முனையில் முள்ளை வைத்து, முன்னும் பின்னும் தள்ளி வரும் எண்ணை அந்த மாடலின் வழிகாட்டிப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, தகுந்த தடிமனுள்ள ஷிம் (மெல்லிய இடைத்தகடு) அல்லது சர்க்கிளிப்பை (பூட்டு வளையம்) தேர்ந்தெடுக்க வேண்டும். லே ஷாஃப்டில் கூம்பு ரோலர் பேரிங் இருந்தால் இன்னும் கவனம் தேவை: தளர்வாக விட்டால் பற்கள் தப்பான இடத்தில் மோதும், அதிகமாக இறுக்கினால் பேரிங் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். புதிய பேரிங் போட்டதும் பழைய ஷிம்மையே திரும்ப வைப்பது தவறு, ஏனெனில் அந்த ஷிம் தேய்ந்த பேரிங்குக்குப் பொருந்தியது.

பேரிங் ஏற்றும்போது சுத்தியலைத் தொடாதீர்கள். ஷாஃப்டில் ஏற்றுவதானால் உள்வளையத்தையும், உறைக்குள் இறக்குவதானால் வெளிவளையத்தையும் மட்டுமே அழுத்த வேண்டும். விசை குண்டுகளின் வழியே போனால் ஓடுதளத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழுந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் ஊளை திரும்பிவிடும். சுத்தமான ஆயிலில் மூழ்க வைத்து 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் பேரிங் தானாகவே வழுக்கி உட்காரும். 120 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஊதுவிளக்கை நேரடியாகக் காட்டி எஃகின் பதத்தைக் கெடுத்துவிட்டால், புதுப் பேரிங் வாங்கிய பணம் வீண்.

சிங்க்ரோ ரிங்கைக் கூம்பில் அழுத்திப் பிடித்து, இடையிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளால்) சுற்றிலும் மூன்று இடங்களில் அளக்க வேண்டும். புது ரிங்கில் ஏறத்தாழ 1 மி.மீ. இருக்கும் இடைவெளி 0.5 மி.மீ. பக்கம் வந்துவிட்டால் மாற்றிவிடலாம். உங்கள் மாடலுக்குப் புத்தகம் வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பூட்டுப் பற்களின் முனை வட்டமாகத் தேய்ந்திருந்தால் ரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. அந்தப் பற்கள் சுமையில் தம்மைத் தாமே உள்ளிழுத்துக்கொள்ளும்படி மெல்லிய பின்சாய்வோடு வெட்டப்பட்டவை. அந்தச் சாய்வு போன பின் கியர் நிற்காது. கியரை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க்கின் முனைகளையும், பூட்டுக் குண்டுகளை அழுத்தும் ஸ்பிரிங்குகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஒரு வண்டியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். மீன் வியாபாரி ஒருவரின் பிக்கப்பில் ஓராண்டுக்குள் மூன்று முறை கிளட்ச் ஷாஃப்ட் பேரிங் போனது. இரண்டு முறை வேறொரு பட்டறையிலும் மூன்றாம் முறை என் கையாலும் நல்ல பேரிங்கே போடப்பட்டிருந்தது. நான்காம் முறை இறக்கியபோதுதான், இன்ஜினுக்கும் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய இரண்டு டவல் பின்களில் (இடம் பொருத்தும் முளைகளில்) ஒன்று இல்லாததைக் கவனித்தேன். போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்குமே தவிர நடுமையத்தைக் காக்காது. அந்த வேலை டவல் பின்னுடையது. பின் இல்லாததால் கியர்பாக்ஸ் ஒரு நூலளவு கீழே இறங்கி, கிளட்ச் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைக்கப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அன்று முதல், டயல் கேஜை இன்ஜினின் பின்முனையில் சுழலும் ஃப்ளைவீலில் பொருத்தி, முள்ளை பெல் ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் நான் எந்த இழுவை வண்டியையும் மூடுவதில்லை. முள் 0.2 மி.மீ.-க்கு மேல் ஆடினால் காரணத்தைத் தேடுகிறேன்: பின், விளிம்பில் ஒட்டிய துரு, பழைய விபத்தில் வளைந்த முகப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அகப்படும்.

கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிளட்சையும் முடித்துவிடுவது சிக்கனம். ஃப்ளைவீலில் நீலத் திட்டுகளோ மயிரிழை வெடிப்புகளோ தெரிந்தால் லேத் பட்டறையில் முகம் எடுக்க (மேற்பரப்பைச் சீவிச் சமன்செய்ய) வேண்டும். பைலட் பேரிங்கின் விலை மிகக் குறைவு, கேட்காமலே மாற்றிவிடுங்கள்.

உறையை மூடும்போது சீலன்ட்டை மெல்லிய கோடாகத் தடவினால் போதும். பிதுங்கி உள்ளே போகும் துணுக்குகள் ஆயில் போகும் வழியை அடைத்துவிடும்.

இப்போது தண்ணீர் விஷயம். ஓடிச் சூடான கியர்பாக்ஸுக்குள் காற்று விரிந்திருக்கும். வண்டி திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் அந்தக் காற்று சுருங்கி, மேலே உள்ள பிரீதர் (காற்றுப்போக்கி) துளை வழியாக வெளியிலிருப்பதை உறிஞ்சும். வெளியே நீர் இருந்தால் நீர்தான் உள்ளே போகும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததையும், 2015 வெள்ளத்தையும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.-க்கும் மேல் மழை கொட்டியதையும் கண்ட நமக்கு, வண்டி நீரில் நிற்பது புதிதில்லை. படகை இறக்கக் கடலுக்குள் பின்னோக்கிச் செல்லும் வண்டிகளுக்கோ அது வேலையின் ஒரு பகுதி. அங்கே உள்ளே போவது உப்புநீர் என்பதால் சேதம் இன்னும் வேகமானது. ஆகவே பிரீதரின் தலையைக் கழற்றி, ஆயில் தாங்கும் ரப்பர் குழாயொன்றை இணைத்து, இன்ஜின் அறையின் மேல்பகுதிவரை கொண்டுபோய், முனையைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுங்கள். பின்பக்க டிஃபரென்ஷியலுக்கும் (பின் அச்சிலுள்ள பல்சக்கரப் பெட்டிக்கும்) இதையே செய்யலாம். ஒரு மணி நேர வேலைக்கு இதைவிடப் பெரிய பலன் இந்த ஊரில் எனக்குத் தெரியவில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால், ஓட்டுவதற்கு முன்பே ஆயிலை வடித்துப் பார்க்க வேண்டும்.

ஆயிலின் தரம் கையேட்டில் சொன்னபடியே இருக்கட்டும். இந்த வகைப் பழைய கியர்பாக்ஸ்களுக்குப் பொதுவாக ஜிஎல்-4 தரத்தில் 80டபிள்யூ-90 கனமுள்ள ஆயில் ஊற்றுவார்கள். ஜிஎல்-5 எண் பெரியதாக இருப்பதால் உயர்ந்தது என்று நினைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அது டிஃபரென்ஷியலின் கடும் அழுத்தத்துக்கானது, அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை ரிங்குகளை அரிக்கக்கூடும். சத்தத்தை அடக்க 140 கனத்தில் ஆயில் ஊற்றும் பழக்கத்தையும் நான் ஏற்பதில்லை. அது இரைச்சலை மூடி மறைக்கிறதே ஒழிய, பேரிங்கின் நெருக்கமான இடங்களுக்கு நேரத்தில் போய்ச் சேர்வதில்லை. சமதளத்தில் நிறுத்தி, நிரப்பும் துளையின் விளிம்பில் வழியும்வரை ஊற்றி நிறுத்துங்கள்.

சோதனை ஓட்டத்தை டிரெய்லர் இல்லாமல் புதுச்சேரிவரை போய் வருவதில் தொடங்கலாம். தவளக்குப்பம் வழியே சாலை சமமாக இருப்பதால் ஒவ்வொரு கியரையும் நிதானமாகக் கேட்க முடியும். பிறகு பாதிச் சுமை டிரெய்லரைக் கட்டி, கேப்பர் மலை ஏற்றத்தில் ஏறி, இறங்கும்போது மிதியை விட்டுக் கியர் நிற்கிறதா என்று பாருங்கள். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் இறங்கும்படி சரக்கை அடுக்க வேண்டும்.

சுமை இழுக்கும்போது 5-வது கியரைத் தவிர்ப்பது இந்த வேலை முழுவதையும் காக்கும். அது ஓவர்டிரைவ் கியர், அதாவது இன்ஜினைவிட வேகமாகப் புரொப்பெல்லர் ஷாஃப்டைச் சுழற்றுவது. சக்தி முழுவதும் லே ஷாஃப்ட் வழியாகச் சுற்றிப் போகிறது, பல கியர்பாக்ஸ்களில் அந்தப் பல்சக்கரம் ஆயில் குறைவாக எட்டும் பின் உறைக்குள் இருக்கிறது. இன்ஜின் திணறும் வேகத்தில் 5-வதில் ஓட்டி டீசல் மிச்சம் பிடிப்பதாக நினைக்கும் ஓட்டுநரிடம், நேரடிக் கியரான 4-வதில் சற்றே கூடுதல் சுழற்சியில் போகச் சொல்லி வண்டிச் சாவியைக் கொடுங்கள்.

முதல் 1000 கிலோமீட்டரில் ஆயிலை மறுபடி வடித்து, காந்தத்தைத் துடைத்து, துடைத்த துணியை வெயிலில் விரித்துப் பாருங்கள். சாம்பல் குழம்பு மட்டும் இருந்தால் புது ஆயில் நிரப்பி, அடுத்தடுத்த மாற்றங்களைக் கையேட்டில் சொன்ன இடைவெளியில் பாதியாக வைத்துக்கொள்ளலாம். துணியில் செதில் ஒன்று மின்னினாலும் டிரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியை மீண்டும் பட்டறைக்குக் கொண்டுவர வேண்டும்.